அவர்கள் போடாத ஆடுகள்

ரங்கேலின் பாட்டு கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும். அது மேலே ஏறிப் போனது.

முக்காலியில் கேமராவை மாட்டிக்கொண்டிருந்த நெவேனா கையை நிறுத்திக் காது கொடுத்தாள். இன்னும் விடியவில்லை. ஒளிந்து படம் எடுக்கும் மரப்பெட்டியின் பலகைச் சுவர் இடுக்குகள் வழியாக ஈரப்பாறை வாடையும், நசுங்கிய காட்டுப்பூண்டு வாடையும், சற்று முன் இருவருமாக இழுத்து வந்து போட்ட செத்த கன்றின் புளித்த வாடையும் சேர்ந்து உள்ளே வந்தன. பாட்டு வழக்கமான கல்யாணப் பாட்டுதான். ஆனால் ஜீப் நிற்பது கீழே, ஓடை வளைவில். மேலே போனால் செங்குத்துப் பாறை, அதைத் தாண்டி முள்ளும் சரளையும். அங்கே அவனுக்கு என்ன வேலை?

நடுவில் ஒரு தடவை பாட்டு நின்றிருந்தது. ஒரு வரியின் பாதியில். நாலைந்து மூச்சு விடுகிற நேரம். பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. அதற்குப் பிறகுதான் அது மேலேயிருந்து வந்தது.

பனிமூட்டத்தில் சத்தம் திசை மாறிக் கேட்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு லென்ஸைச் சுவரிலிருந்த துணிக்குழாய்க்குள் நுழைத்தாள். ஜீப் கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. காற்று அந்தப் பக்கமாக அடிக்கிறது போல.

அந்தப் பாட்டு ஒன்றும் சந்தோஷத்துக்குப் பாடுவதல்ல. அது வேலையில் ஒரு பகுதி. எதிர்ப்பாறையில் தூங்கும் பாறு கழுகுகளுக்குக் கண் மட்டுமில்லை, சந்தேகமும் அதிகம். பெட்டிக்குள் ஆள் இருப்பது தெரிந்தால் இறங்காது. அதனால் எப்போதும் இரண்டு பேராக வருவார்கள். ஒருவர் உள்ளே போவார். மற்றவர் ஊரே கேட்கிற மாதிரி பாடிக்கொண்டு திரும்பிப் போவார். மனுஷன் வந்தான், தீனி போட்டான், போய்விட்டான் என்று பறவைகள் நம்பும். உள்ளே இருப்பவர் இருட்டும்வரை கதவைத் திறக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை திறந்து பறவைகள் பார்த்துவிட்டால், அந்த வருஷம் முழுக்க அந்தப் பெட்டி வெறும் மரப்பெட்டிதான்.

போன வருஷம் பெட்டிக்குள் அவளைத் தேள் கொட்டியது. வீங்கிய காலோடு ஒன்பது மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதை ரங்கேல் கடைத்தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

இன்று வரும் வழியிலும் அதே கிண்டல்தான்.

"பறவைக்கு எண்ணத் தெரியாதுன்னு யாரு புள்ள சொன்னா? ஒண்ணு வரைக்கும் நல்லாத் தெரியும். சோபியா ஆபீஸ்காரங்களுக்கு அதுவும் தெரியாது."

"நீங்க வாயை மூடிட்டு காலைப் பிடிச்சுத் தூக்குங்கண்ணே. கன்னு என் பக்கமே சாயுது."

"நாப்பது வயசாகப் போகுது, ஒரு கன்னுக்குட்டியத் தூக்க முடியல. உன்னக் கட்டிக்கிட்டு எவன் பிழைப்பான்?"

கன்றைப் போட்டார்கள். பக்கத்தில் ஒரு கிழட்டுப் பெண்ணாட்டையும் போட்டார்கள். கதவுக்கு வெளியே நின்று அவன் கேலியை விட்டுவிட்டுச் சொன்னான், "இன்னிக்கு விட்டா நாள் இல்ல நெவ்கா. அதுக்கோசரம் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்க."

அது என்று அவன் சொன்னது ஒரு கரும்பாறு. ஊரில் அதற்கு விதவை என்று பெயர், உடம்பெல்லாம் கறுப்பு என்பதால். மூன்று வருஷத்துக்கு முன் ஸ்பெயினிலிருந்து கூண்டில் வந்த ஏழில் மிஞ்சியது அது ஒன்றுதான். நவம்பரில் அதன் முதுகிலிருந்த, இருக்குமிடம் சொல்லும் கருவி பேச்சை நிறுத்தியது. செத்துவிட்டது என்று தலைநகர் சோபியாவில் இருக்கும் ஆபீஸில் எழுதி முடித்துவிட்டார்கள். செத்ததற்காக எதற்குத் தீனிமேடு, எதற்குப் பெட்டி? மார்ச் முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துவிடச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. நாலு நாளைக்கு முன் ரங்கேல் அந்தப் பறவையைக் கண்ணால் பார்த்தான். கேமரா இல்லாமல் பார்த்ததை யார் நம்புவார்கள்? காலில் இருக்கும் வளையத்தின் எண் படத்தில் தெரிய வேண்டும். இருபத்தேழு. அது போதும். இன்று முப்பத்தோராம் தேதி.

பாட்டு ஓய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் வெளிச்சம் மெதுவாக வந்தது. பனி வெளுத்து, பால் கலந்த தண்ணீர் மாதிரி ஆகி, பிறகு ஜூனிப்பர் புதர்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பாக எழுந்து நின்றன. நாற்பது அடி தள்ளித் தீனிமேடு. கன்று தெரிந்தது. கிழட்டு ஆடு தெரிந்தது.

அவற்றுக்கு இடது பக்கம் இன்னும் இரண்டு ஆடுகள் கிடந்தன.

அவள் பெட்டியின் பார்வைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். இரண்டு. பெரியவை. பக்கத்துப் பக்கத்தில், கால்கள் பெட்டியைப் பார்க்க, யாரோ பாயில் படுக்க வைத்த மாதிரி ஒழுங்காகக் கிடந்தன. செத்த ஆடு அப்படிக் கிடக்காது. இழுத்துப் போட்ட ஆடு கழுத்து திருகி, கால் விறைத்துக் கோணலாகக் கிடக்கும். இவற்றின் வயிறு திணித்த தலையணை மாதிரி உப்பியிருந்தது. பின்பக்கத்தில் நீலச் சாயம் ஒரு திட்டு.

நீலம் பெய்ச்சோவின் மந்தைக்கு உள்ள அடையாளம்.

பெய்ச்சோவுக்கும் ரங்கேலுக்கும் இரண்டு வாரத்துக்கு முன் கடை வாசலில் கைகலப்பு நடந்தது. ஓநாய் பதினோரு ஆட்டை அடித்துவிட்டது. பெய்ச்சோ இறைச்சியில் விஷம் தடவி மலையெல்லாம் போட்டான். அதைத் தின்று இரண்டு பழுப்புப் பாறுகள் ஓடைக்கரையில் நுரை தள்ளிச் செத்தன. ரங்கேல் போலீஸைக் கூட்டி வந்தான். கடை வாசலில் பெய்ச்சோ ரங்கேலின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதி, "ஓநாய்க்கு ஒரு பங்கு, கழுகுக்கு ஒரு பங்கு. எனக்கு என்னடா, உங்க போட்டோவா?" என்று கேட்டான். ரங்கேல் பதிலுக்கு பீர் பாட்டிலை அவன் மண்டையில் உடைத்தான். பிரித்து விடப் போனவர்களுக்கும் ரத்தம் வந்தது.

விஷம். நெவேனாவுக்குச் சட்டென்று உறைத்தது. நாங்கள் வருவதற்கு முன்பே இருட்டில் கொண்டு வந்து போட்டிருக்கிறான். இன்று விதவை வந்து இதைத் தின்றால், படம் எடுக்கிற என் கண் முன்னாலேயே சாகும்.

வெளியே போய் அவற்றை இழுத்து அப்புறப்படுத்த வேண்டும். போனால் விதவை வராது. நாளை என்று ஒன்று இல்லை.

கதவின் கொக்கியில் கை வைத்தாள். எடுத்தாள். அண்டங்காக்கைகள் இரண்டு வந்து இடது பக்க ஆடுகளின் மேல் உட்கார்ந்திருந்தன. ஒன்று முதல் ஆட்டின் கண்ணைத் தோண்டித் தின்றது. பெய்ச்சோ போடும் விஷத்தைத் தின்ற காக்கை பத்து நிமிஷம்கூடத் தாங்காது. பார்க்கலாம். காக்கை விழுந்தால் கதவைத் திறக்கலாம். விழாவிட்டால் விஷம் இல்லை. நியாயமான கணக்குதான் என்று பட்டது. கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்து நிமிஷம். இருபது. காக்கை விழவில்லை.

ஆனால் இரண்டாவது ஆட்டின் மேல் உட்கார்ந்த காக்கை சட்டென்று எழும்பித் தள்ளிப் போனது. மறுபடி வந்தது. மறுபடி எழும்பியது. ஆட்டின் வயிறு மெதுவாக ஒரு தடவை ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள்.

உயிர் இன்னும் போகவில்லை போல, பாவம் என்று நினைத்தாள். சாகாத ஆட்டைக் கொண்டு வந்து போட்டிருக்கிறான் மடையன். அது போய்ச் சேரட்டும். அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இருட்டும்வரை கதவைத் திறக்கக் கூடாது.

ஒன்பது மணிக்குப் பழுப்புப் பாறுகள் இறங்கின. கூரைக்கு மேல் கனத்த துணியை உதறுகிற மாதிரிச் சத்தம். ஒன்று, மூன்று, பிறகு ஒரேயடியாக இருபதுக்கு மேல். சீறிக்கொண்டும் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டும் வெள்ளைக் கழுத்தைத் தோள்வரை கன்றின் வயிற்றுக்குள் விட்டு ரத்தமாக வெளியே எடுத்தன. குடலை இரண்டு பக்கமும் கவ்வி இழுத்தன. எலும்பிலிருந்து சதை கிழியும் சத்தம் கித்தான் கிழிகிற மாதிரி உள்ளே கேட்டது. இதை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். பார்த்தால் பசிக்கும் என்றுகூட ஒருதரம் ரங்கேலிடம் சொல்லியிருக்கிறாள்.

கன்று முடிந்ததும் கூட்டம் முதல் நீலத் திட்டு ஆட்டுக்குத் தாவியது. வயிற்றுப் பக்கம் கொத்தின. வழக்கமாக அங்கே சீக்கிரம் கிழியும். இன்று கிழியவில்லை. மூன்று பறவைகள் சேர்ந்து கால் ஊன்றி இழுத்தன. அப்போதுதான் வயிற்றின் நடுவில் ஒரு கோடு பிரிந்து போவதை அவள் பார்த்தாள். மடிப்பு மடிப்பாக. தையல் பிரிவது மாதிரி.

உள்ளேயிருந்து ஒரு ரப்பர் பூட்ஸ் வெளியே வந்தது.

சிவப்பு ஒட்டுப் போட்ட பூட்ஸ். அந்த ஒட்டை அவள் பார்த்திருக்கிறாள். கடை வாசலில், ரங்கேலின் வயிற்றை உதைத்த பெய்ச்சோவின் கால்.

குப்பை, என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. பழைய பூட்ஸைக் குப்பையோடு சேர்த்து எறிந்திருக்கிறான். இந்த ஊரில் எதைத்தான் எறியவில்லை? பறவைகள் பூட்ஸைக் கவ்வி இழுத்தன. பூட்ஸ் கனமாக இருந்தது. காலியாக இருந்தால் அப்படிக் கனக்காது.

அவள் பார்வையை அங்கிருந்து எடுத்தாள். எடுத்த நேரத்தில் கூரைக்கு மேல் ஒரு பெரிய நிழல் போனது.

விதவை இறங்கியது.

மற்றவை விலகின. அது அப்படித்தான் வரும், அவசரமில்லாமல், இழவு வீட்டுக்குள் நுழைகிற பெரிய மனுஷி மாதிரி. தொண்டையில் கறுப்புப் பிசிறு. கொக்கி அலகு. நேராக இரண்டாவது ஆட்டுக்குப் போய் அதன் தலைமேல் கால் வைத்து ஏறி நின்றது. காலில் மஞ்சள் வளையம். மண் அப்பியிருந்தது. எண் தெரியவில்லை.

திரும்பு, என்று நெவேனா உதட்டுக்குள் கெஞ்சினாள். கொஞ்சம் திரும்புடி.

விதவை குனிந்து கம்பளிக்குள் அலகைச் செலுத்தி இழுத்தது. ஆடு துடித்தது. இந்தத் தடவை நன்றாகவே துடித்தது. முழு உடம்பும் வில்லாக வளைந்து தரையில் விழுந்தது. விதவை சமாளிக்க ஒரு காலைப் புல்லில் ஊன்றியது. வளையம் வெளிச்சத்துக்கு வந்தது.

அவள் விரல் தானாக அழுத்தியது. பதினான்கு படங்கள். ஆடு துடிக்கத் துடிக்க வளையம் ஈரப் புல்லில் உரசி மண் போனது. இன்னும் ஒன்பது. இருபத்தேழு. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருபத்தேழு.

அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரங்கேல் அண்ணே, உயிரோட இருக்கு. உயிரோட இருக்கு.

கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். வளையம். எண். அதற்குக் கீழே விதவை கிழித்த இடம். ஆட்டுக் கம்பளியின் அடியில் சாம்பல் நிறக் கம்பளி. ஆட்டுடையதல்ல. பின்னலாடை. பின்னலின் ஓரத்தில் பிய்ந்த கறுப்பு நூல்.

அந்த நூலைக் காலையில் ஜீப் விளக்கு வெளிச்சத்தில், கன்றைத் தூக்கும்போது, ரங்கேலின் பின்னலாடையில் அவள் பார்த்தாள். "தைக்க ஒரு ஆள் இல்லையாண்ணே" என்று கேட்டாள்.

இல்லை. அவன் பாடிக்கொண்டு போனான். நான் கேட்டேன். மேலே ஏறிப் போனான், நான் கேட்டேன். அவனும் நானும்தான் கன்றைப் போட்டோம். அப்போது இடது பக்கம் ஏதாவது இருந்ததா என்று இருட்டில் பார்க்கவில்லை. பாட்டு நடுவில் நின்றது. நாலைந்து மூச்சு. பிறகு யார் பாடியது?

வாக்கி டாக்கி பையின் அடியில் இருந்தது. பெட்டிக்குள் இருப்பவர் அதை அணைத்து வைக்க வேண்டும். வெளியே போகிறவர் இடுப்பில் மாட்டித் திறந்தே வைத்திருப்பார். அவள் அதை எடுத்துத் திறந்து பொத்தானை அழுத்தினாள். வாயருகே வைத்து மூச்சுக்காற்றாகச் சொன்னாள்.

"ரங்கேலண்ணே."

அவளுடைய குரல் தீனிமேட்டிலிருந்து கேட்டது.

கரகரவென்று. தகரத்தில் அடைத்த மாதிரி. ஆட்டின் வயிற்றுக்குள்ளிருந்து. விதவை சிறகை விரித்துப் பின்னால் தாவியது. மற்றவை கழுத்தை நீட்டி நின்றன.

பிறகு கையிலிருந்த கருவி உயிர் பெற்றது. ஈரமான மூச்சு. எதையோ வாயில் திணித்து வைத்தால் மூக்கு வழியாக வருகிற முனகல். நீளமாக. அதில் சொல் இல்லை. பொத்தான்மேல் அவன் கை மட்டும் எப்படியோ இருந்திருக்கிறது. காலை ஐந்தரை மணியிலிருந்து. அவள் தன் கருவியைத் திறப்பாள் என்று. அவள் கருவி அணைந்திருந்தது.

மணி பதினொன்று.

நெவேனா எழுந்தாள். நாற்காலி விழுந்தது. இனி சத்தம் கேட்டால் என்ன? கொக்கியைத் தூக்கினாள். நாற்பது அடி. பையில் கத்தி இருந்தது, தையலை அறுக்கலாம், ஜீப்பில் போட்டு நாற்பது நிமிஷத்தில் டாக்டரிடம்.

பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

அவை பெட்டியைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தன. செங்குத்துப் பாறையை.

அவள் கை கொக்கியில் நின்றது. கண்ணைக் கண்ணாடியில் வைத்தாள்.

சரளை உருண்டது. ஏதோ இறங்கி வந்துகொண்டிருந்தது. ஆள் மாதிரி. பாறையில் முகத்தைக் கீழே வைத்து இறங்குகிற ஆளை அவள் பார்த்ததில்லை. சமதரைக்கு வந்ததும் எழுந்து நின்றது. நின்ற பிறகும் கைகள் புல்லைத் தொட்டன. குனியாமலே. உடம்பு முழுக்கக் கம்பளி, துண்டு துண்டாக, வேறு வேறு நிறம், தைத்தது. எங்கே தோல் முடிகிறது, எங்கே அது தொடங்குகிறது என்று தெரியவில்லை. தோளில் எதையோ மடித்துப் போட்டிருந்தது. அது ஆவி விட்டது.

ஒரு பறவையும் பறக்கவில்லை.

அவளைப் பார்த்தால், அவள் நிழலைப் பார்த்தால், அவள் தும்மினால் பறக்கிற பறவைகள். அது நடுவில் நடந்து போனது. புதர் ஒன்று காற்றில் அசைந்தால் விலகுவதுபோலப் பறவைகள் வழி விட்டன.

இரண்டாவது ஆட்டின் பக்கத்தில் குந்தியது. விதவை கிழித்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தது. பிரிந்த இடத்தை ஒன்றாகக் கிள்ளிப் பிடித்தது, தைக்க முடியுமா என்று பார்க்கிற மாதிரி. முடியவில்லை போல. கையை உள்ளே விட்டது. முழங்கைவரை. திருகியது.

அவள் கையிலிருந்த கருவியில் அது முழுவதும் கேட்டது. எலும்பு. பிறகு தண்ணீர் கொட்டுகிற மாதிரி. பிறகு வெறும் இரைச்சல்.

அணைக்கத் தோன்றவில்லை. கத்தத் தோன்றியது. வாய் திறந்திருந்தது. பெட்டிக்குள் சத்தமே போடாத பதினோரு வருஷப் பழக்கம் விடவில்லை. சத்தம் வரவில்லை.

அது கையை வெளியே எடுத்துப் புல்லில் துடைத்தது. தள்ளி நின்றது. விதவை வந்து தின்னத் தொடங்கியது. இப்போது எதுவும் துடிக்கவில்லை.

அது தோளிலிருந்ததை இறக்கி விரித்தது. ஆட்டுத்தோல். அப்போதுதான் உரித்தது. உள்பக்கம் மேலே, சிவப்பாக, பனியில் ஆவி பறக்க. இரண்டு நீலத் திட்டு ஆடுகளுக்கு அடுத்தாற்போல், ஒரு ஆள் இடம் விட்டு, சுருக்கமில்லாமல் நீவிப் போட்டது. ஓரங்களைத் தட்டிச் சரி செய்தது. நீளம் போதுமா என்று கையால் ஒரு சாண், இரண்டு சாண் அளந்தது. பெட்டியை நிமிர்ந்து பார்த்தது. மறுபடி அளந்து கொஞ்சம் மடித்துவிட்டது. அவள் குட்டை.

பிறகு தோலுக்கு அந்தப் பக்கமாக, பெட்டியைப் பார்த்து உட்கார்ந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தோளைத் தளர்த்தி, மூச்சைச் சின்னதாக்கி. ஒரு விரல்கூட அசையவில்லை.

அப்படி உட்காருவது நெவேனாவுக்குத் தெரியும். குளிர் எலும்பில் ஏறும், கால் மரத்துப்போகும், தேள் கொட்டும், அசையக் கூடாது. அவசரப்படக் கூடாது. உள்ளே இருப்பது எப்படியும் ஒரு நேரம் வெளியே வரும். பசிக்கும். தாகம் எடுக்கும். அவளே எத்தனையோ புதிய பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

கொக்கி அவள் உள்ளங்கையில் ஈரமாக இருந்தது. பழுப்புப் பாறுகள் ஒவ்வொன்றாகத் தீனிக்குத் திரும்பின. ஒன்று அதன் முழங்காலில் உரசிக்கொண்டே போனது, அங்கே யாருமே இல்லாத மாதிரி. திறந்து கிடந்த தோலில் ஆவி அடங்கவில்லை.